நாஞ்சில் நாட்டில் பட்டினி கிடந்தோம்!

'மூன்று நாள் வெறும் ஜூஸ். நான்காம் நாள் நீங்கள் புது மனிதன்!'

இப்படி ஒரு வீடியோ எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கேன்டீன் பரோட்டாவுக்கும் நாலு மணி பஜ்ஜிக்கும் இடைப்பட்ட நேரம். பார்த்தவர்கள் பலர். கைதட்டும் பொம்மை போட்டவர்கள் சிலர். பேப்பரும் பேனாவும் எடுத்துக் குறிப்பு எழுதிக்கொண்டவர் ஒரே ஒருத்தர்தான். எங்கள் கேஷியர்.

கேஷியருக்கு வயது 41. நாகர்கோவில் பக்கத்து மனிதர். கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி தூங்க மாட்டார். நாலு வருஷமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, நடுவில் யாராவது பிறந்தநாள் கேக் வெட்டினால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.

"மூணு நாள் லீவு போடு தம்பி. எங்க ஊருக்குப் போவோம். அத்தை வீட்டுத் தோப்பிலே இளநீர் ஃப்ரீ" என்றார்.

"எனக்குச் சர்க்கரை இல்லையே சார்?"

"தொப்பை இருக்கில்ல?"

மறுக்க முடியாத வாதம். ஆனால் நான் சரி என்றது தொப்பைக்காக அல்ல. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, சம்பந்தமே இல்லாமல் சொன்னார்: "எங்க அப்பாவுக்கு முதல்ல கால் பெருவிரலை எடுத்தாங்க. அப்புறம் பாதம். அப்புறம் முட்டிக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்." அதற்குள் பஸ் வந்துவிட்டது. அதன் பிறகு இந்த மனிதரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஒரு மே மாத விடிகாலை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிறது. ஜன்னல் வழியாகக் காற்று வந்து கன்னத்தில் அறைகிறது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் நிதானமாகக் கை வீசுகின்றன. மலையைத் தாண்டினால் காட்சி மாறுகிறது. அது வரை வந்த பொட்டல் நிலம் போய், வயல், குளம், தென்னை, வாழை. மறுபடி வயல், மறுபடி குளம்.

நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரை ஊருக்கு வைத்துக்கொண்ட ஜனங்கள்! கறாராகப் பார்த்தால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டு தாலுகாக்கள்தான் நாஞ்சில் நாடு. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு இணைந்தது. இப்போது மாவட்டத்தையே நாஞ்சில் நாடு என்று சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். என் கவலை வேறு. அரிசியும் தேங்காயும் மீனும் பலாவும் போட்டி போட்டுக்கொண்டு விளைகிற ஊரில் போய்ப் பட்டினி கிடப்பதா? மைசூர் பாக்கு கடையில் மௌன விரதம் இருந்தாலும் இருக்கலாம்!

சுசீந்திரம் பக்கத்தில் அத்தை வீடு. எழுபது வயது அத்தை, ரிட்டயர்டு வாத்தியார் மாமா, ஒரு பசு மாடு, பதினெட்டுத் தென்னை. நாங்கள் போய் இறங்கியபோது அடுப்பில் உளுந்தங்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த வாசனை வாசல் வரை வந்து எங்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டது.

கேஷியர் விஷயத்தைச் சொன்னார். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சோறு வேண்டாமா?"

"வேண்டாம் அத்தே."

"கஞ்சி?"

"ஜூஸ் மட்டும்தான்."

"லே மக்ளே, இதுக்காடே இம்புட்டு தூரம் ரயிலேறி வந்தே? மெட்ராஸிலே தண்ணி கிடையாதா?"

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடு பிள்ளே. ஒருநாள் கெடக்கட்டும். பொறவு தானா வருவான்" என்றார்.

வடசேரிச் சந்தைக்குப் போனோம். பழம் வாங்கத்தான். வீடியோவில் பழம், காய்கறி, மிக்ஸி, வடிகட்டி, மனவுறுதி ஆகிய ஐந்தும் தேவை என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாலும் சந்தையில் கிடைத்தன.

வாழைப்பழம் என்றால் மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் என் போன்ற மெட்ராஸ்காரன் அந்தக் கடை முன்னால் நின்றால் திக்குமுக்காடிப் போவான். மட்டி, செந்துளுவன், பாளையங்கோட்டான், ரசகதலி, பேயன், ஏத்தன்... குலை குலையாகத் தொங்குகின்றன. இதில் மட்டி விசேஷம். விரல் நீளம், தேன் வாசனை. பச்சைக் குழந்தைக்கு முதல் பழமாக மசித்துக் கொடுப்பது இதைத்தான். 2023-ல் கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

"ஜூஸ் போட எது நல்லா இருக்கும்?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மட்டியையா ஜூஸ் அடிக்கப் போறீரு? வே, தொலியை உரிச்சு வாயிலே போட எம்புட்டு நேரமாவும்?"

இந்தக் கேள்வியை அன்றைக்கு நான் சிரித்து ஒதுக்கிவிட்டேன்.

சந்தைக்கு வெளியே ஒரு கடையில் பழ சர்பத். இந்த ஊர்ச் சரக்கு. பாளையங்கோட்டான் பழத்தைக் கையாலேயே பிசைந்து, நன்னாரி, எலுமிச்சை, ஐஸ் தண்ணீர் விட்டு உயரத் தூக்கி ஆற்றித் தருவார்கள். கேஷியர் என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக் கடையில் போஞ்சி. எலுமிச்சைச் சாறுதான், இங்கே அதற்கு அந்தப் பெயர். "சீனி போடாம ரெண்டு போஞ்சி" என்றார். கடைப் பையன் இரண்டு தடவை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டான்.

எங்கள் டைம் டேபிள் இது: காலை ஏழு மணிக்குத் தடியங்காய் சாறு (நம்ம ஊர் வெள்ளைப் பூசணி), பதினொன்றுக்கு இளநீர், ஒன்றரைக்கு கேரட்டும் பீட்ரூட்டும், நாலுக்குப் போஞ்சி, ஆறரைக்கு ஆரஞ்சு, ஒன்பதுக்கு மறுபடி இளநீர். ஆறு டம்ளர். அவ்வளவுதான்.

வீட்டுக் கொல்லையில் ஒரு மரம். அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய்கள், வெள்ளரிப் பிஞ்சு மாதிரி. இரும்பன் புளி. மீன் குழம்பில் போடுவது. கேஷியர் கண்கள் பளபளத்தன. "இதுவும் கொழுப்பைக் கரைக்குமாமே? ஒரு டம்ளர் பிழிஞ்சா?"

இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். கேரளத்தில் இப்படிக் கொழுப்பு குறையும் என்று நம்பி இரும்பன் புளியைப் பிழிந்து குடித்தவர்களைப் பற்றி டாக்டர்கள் 2013-ல் இந்திய சிறுநீரக மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஐந்து ஆஸ்பத்திரிகளில் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் கிட்னி திடீரென்று நின்றுபோயிருக்கிறது. ஏழு பேருக்கு டயாலிசிஸ். அந்தக் காயில் ஆக்ஸாலிக் அமிலம் ரொம்ப அதிகம். சாறாகப் பிழிந்தால் அத்தனையும் ஒரே டம்ளரில் வந்து சேரும். உடம்புக்குள் போய்க் கால்சியத்தோடு சேர்ந்து கிட்னியின் நுண்குழாய்களில் பொடிக் கண்ணாடி மாதிரி படிந்துவிடும்.

நான் சொல்லி முடித்ததும் அத்தை கேட்டாள், "குழம்பிலே நாலு காய் போட்டா?"

"நாலு காயை நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடறோம் அத்தே. டம்ளர் கணக்கிலே குடிக்கிறதுதான் ஆபத்து."

"அதானே! குழம்புக்குள்ளதைப் பிழிஞ்சு குடிச்சா அது சும்மா விடுமா?"

சுரைக்காயும் அப்படித்தான். 2010-ல் டில்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய், பாகற்காய் சாறு குடித்து இறந்துபோனார். தினசரி குடித்துப் பழகியவர். அன்றைக்குக் கிடைத்த சுரைக்காய் கசப்பு. கசக்கிற சுரைக்காய் விஷம் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும், நறுக்கும்போதே ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். மிக்ஸிக்கு நாக்கு கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழுவே போட்டு விசாரித்து, கசந்தால் துப்பிவிடு என்று சொல்லியது.

முதல் நாள். ஜூஸ் வடிகட்டிய சக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தோம். அத்தை அதை அள்ளிக்கொண்டு போய் மாட்டுக்கு வைத்தாள். கேரட் சக்கை, பீட்ரூட் சக்கை, தடியங்காய் சக்கை, ஆரஞ்சுச் சுளைத் திப்பி. மாடு ரசித்துச் சாப்பிட்டுவிட்டு எங்களைப் பார்த்துத் தலையாட்டியது.

பசியை மறக்க ஊர் சுற்றுவதாக ஏற்பாடு. கன்னியாகுமரிக்குப் போனோம். இப்போது யோசித்தால் இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. ஊரே ஒரு நடக்காத கல்யாணச் சாப்பாட்டின் மேல்தான் நிற்கிறது!

குமரி அம்மனுக்கும் சுசீந்திரத்துச் சிவனுக்கும் கல்யாணம். நள்ளிரவு முகூர்த்தம். மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பி வழுக்கம்பாறை வரை வந்துவிட்டது. கன்னியாக இருப்பவளால் மட்டுமே பாணாசுரனைக் கொல்ல முடியும். ஆகவே கல்யாணம் நடக்கக் கூடாது. நாரதர் சேவல் மாதிரிக் கூவினார். விடிந்துவிட்டது, முகூர்த்தம் தப்பியது என்று மாப்பிள்ளை திரும்பிவிட்டார். சமையலுக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் சமைக்கப்படாமலே மணலாகப் போயின. இன்றைக்கும் கடற்கரையில் அரிசி மாதிரி ஒரு மணல், கறுப்பும் சிவப்புமாகச் சில மணல். சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். மாப்பிள்ளை சுசீந்திரத்திலிருந்து வழுக்கம்பாறை வரை வந்த அதே ரோட்டில்தான் எங்கள் டவுன் பஸ்ஸும் வந்தது. அதன் பிறகு இத்தனை நூற்றாண்டாக அம்மன் தவத்திலேயே நிற்கிறாள்.

எதிரே பாறை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் மூன்று நாள் தியானத்தில் உட்கார்ந்தது அங்கேதான். பக்கத்தில் 133 அடி வள்ளுவர். இரண்டுக்கும் நடுவில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. காலுக்குக் கீழே கடல் கொதிக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. பாலத்தினாலா, பீட்ரூட்டினாலா, தெரியவில்லை.

காந்தி மண்டபத்தில் கேஷியர் நீண்ட நேரம் நின்றார். 1943-ல் ஆகாகான் மாளிகையில் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது தண்ணீரோடு கொஞ்சம் ஆரஞ்சு, எலுமிச்சை வகைச் சாறு சேர்த்துக்கொண்டார். "பார்த்தியா? அவருக்கே ஜூஸ்!" என்றார் கேஷியர். உண்மைதான். ஆனால் காந்தி சர்க்கரையைக் குறைக்கப் பட்டினி கிடக்கவில்லை. சுற்றி டாக்டர்கள் கூட்டமே இருந்தது, நாடே நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது. இதை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். பசியில் வாதம் செய்யத் தெம்பில்லை.

ராத்திரி மாமா திண்ணையில் உட்கார்ந்து துவையல் தவசு பற்றிச் சொன்னார். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் (1809-1851) தன்னைச் சேர்ந்த ஜனங்களைக் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு அனுப்பி வைத்தார். தினம் மூன்று வேளை குளியல், கட்டின துணியைத் துவைத்தே கட்டுவது, ஒரே வேளைச் சைவச் சாப்பாடு. தோள்சீலை போடவே உரிமை இல்லாதவர்கள் என்று மற்றவர்கள் ஒதுக்கி வைத்த காலம் அது.

"அது வயித்துக்குள்ள விரதமா? இல்லே. தலை நிமிர்றதுக்குள்ள விரதம். எல்லாரும் சேர்ந்து இருந்தான், சேர்ந்து தின்னான். நீங்க ரெண்டு பேரு மிக்ஸியைக் கட்டிக்கிட்டு மூலையிலே இருக்கியோ" என்றார் மாமா. சொல்லிவிட்டு உள்ளே போய் அவியலும் சோறும் சாப்பிட்டார். கதவைச் சாத்தாமல்.

இரண்டாம் நாள் காலை. எடை மெஷினில் ஏறினோம். எனக்கு ஒரு கிலோ குறைவு, கேஷியருக்கு ஒன்றரை! குதித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ஆபீஸில் பார்த்ததில்லை. அவசரத்துக்காக நம் ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு நின்றதும் உடம்பு முதலில் இந்த ஸ்டாக்கைத்தான் காலி செய்கிறது, தண்ணீரும் கூடவே போகிறது. ஒன்றரை கிலோவில் பெரும்பங்கு அதுதான். ஒரு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது நானும் சேர்ந்துதான் குதித்தேன்.

"வெயிலுக்கு முன்னே மருந்துவாழ்மலை ஏறிடுவோம்" என்றார் கேஷியர். தடியங்காய் சாறு ஒரு டம்ளர் குடித்தார். பிறகு டப்பாவைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

"வீடியோவிலே மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்களே சார்?"

"அதெப்படி நிறுத்தறது? டாக்டர் திட்டுவாரு. ஒரு சேஃப்டிக்குப் போட்டுக்கறேன்."

எனக்கு அது பொறுப்பான பதிலாகத்தான் பட்டது.

மருந்துவாழ்மலை பொற்றையடியில் இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் பறந்தபோது உடைந்து விழுந்த துண்டு என்று ஐதீகம். மூலிகை நிறைய. ஸ்ரீநாராயண குரு இளமையில் இங்கே பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்தார். படிகள், பாறைகள், நடுநடுவே சின்னச் சின்னக் கோயில்கள். ஏற ஏறக் காற்று கூடும். ஒரு திருப்பத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தென்னைக் கடல், மறு பக்கம் நிஜக் கடல்.

பாதி வழியில் கேஷியர் நின்றார். "தம்பி, வேர்க்குது" என்றார். எல்லாருக்கும்தான் வேர்த்தது. இன்னும் இருபது படி. "கை நடுங்குது." அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார், எனக்குச் சுரீர் என்றது: "நாம எந்த ஊருக்கு வந்திருக்கோம்?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. படியில் உட்கார வைத்தேன். என் கையில் இருந்தது ஒரு பாட்டில் தண்ணீரும், சர்க்கரை இல்லாத போஞ்சியும்.

மலை இறங்கி வந்துகொண்டிருந்தார் ஒரு பெரியவர். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மார்பில் பனை ஏறிய தழும்பு, காய்ப்புக் காய்த்த கால்கள். ஒரு பார்வை பார்த்தார்.

"சுகர் உண்டா?"

"உண்டு."

"காலையிலே என்ன தின்னாரு?"

"தடியங்காய் ஜூஸ்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மடியிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்துக் கல்லில் தட்டி உடைத்தார். "சாரே, சாரே! என்னைப் பாரும். வாயைத் திறந்து முழுங்க முடியுமா?" கேஷியர் தலையாட்டினார். "முழுங்க முடியாதவனுக்கு வாயிலே ஒண்ணும் போடப்பிடாது, நெஞ்சிலே ஏறிரும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, பொடித்த கருப்பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தார். நான் கேஷியரின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் இருக்கலாம். எனக்கு அது பத்து வருஷம்.

"தம்பி, கருப்பட்டியா இது?" என்றார் கேஷியர், திடீரென்று தெளிவான குரலில். "எனக்கு இனிப்பு ஆகாதே!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பெரியவர் கூடவே இறங்கினார். ஐம்பது வருஷம் பனை ஏறியவர். சீசனில் தினம் இரண்டு வேளை, காலையிலும் சாயங்காலமும் அத்தனை மரமும். "எங்களுக்குப் பனை காலத்திலே காலைச் சாப்பாடே அக்கானிதான்" என்றார். பதநீரை இங்கே அக்கானி என்கிறார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் இருக்கும், இல்லாவிட்டால் கள். காய்ச்சினால் கருப்பட்டி.

"அப்போ நீங்களும் ஜூஸ் விரதம்தான்!" என்றேன்.

"எங்கே? அக்கானி குடிச்சுட்டு நாப்பது மரம் ஏறணும். இவரு குடிச்சுட்டு நாற்காலியிலே இருப்பாரு. பனையேறிக்கு எரியும், இவருக்குக் கட்டும்." பஸ் ரோடு வந்ததும் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார். பணம் கொடுக்கப் போனேன். மிச்சக் கருப்பட்டியை என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். அத்தனை கருப்பட்டிக்குப் பிறகும் 61. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்நிலை. டாக்டர் இளைஞர், உள்ளூர்க்காரர். மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்தார். காலை மாத்திரை கிளிமிபிரைடு.

"இது கணையத்தை இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீங்க சாப்பிட்டாலும் சுரக்கும், சாப்பிடலேன்னாலும் சுரக்கும். நீங்க விரதம்னு அதுக்குத் தெரியாதுல்லா? உள்ளே சர்க்கரை வரல்லே, இருக்கதையும் மாத்திரை இறக்கிட்டு. அதுக்கு மேலே மலை ஏறியிருக்கீங்க. இன்னைக்கு ராத்திரி இங்கதான். இந்த மாத்திரையோட வேலை முடியாது, மறுபடியும் இறங்கும்."

"அப்போ மாத்திரையை நிறுத்தியிருந்தா?" என்றேன்.

"அப்பவும் இங்கதான் வந்திருப்பீங்க. வேற நம்பரோட. கேரட்டு, ஆரஞ்சு எல்லாம் வடிகட்டிக் குடிச்சா சர்ருனு ஏறும். மாத்திரையும் இல்லேன்னா ஏறினது இறங்காது. எதை எம்புட்டு குறைக்கணும்னு முன்கூட்டியே கேட்டிருக்கணும். அது ஒரு போன் காலு."

கேஷியர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கேட்டார், "அப்போ சாப்பாட்டாலே இது குறையவே குறையாதா டாக்டர்? சாகிற வரை மாத்திரைதானா?"

அந்தக் குரல் டாக்டருக்கும் கேட்டிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரிட்டனில் 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் உள்ளவர்கள், இன்சுலின் போடாதவர்கள். தினம் சுமார் 850 கலோரி, மூன்று முதல் ஐந்து மாதம். ஜூஸ் இல்லை, புரதமும் சத்துகளும் அளந்து சேர்த்த சூப், ஷேக் மாதிரி. தொடங்கும் அன்றே மாத்திரைகளை டாக்டர்களே நிறுத்தி, விடாமல் கண்காணித்தார்கள். பிறகு படிப்படியாகச் சாதாரணச் சாப்பாடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை அடங்கியிருந்தது.

"உங்களுக்கு நாலு வருஷம்தானே ஆச்சு? எடையை நிஜமாக் குறைச்சா நடக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன். ஆனா மூணு நாள்லே நடக்காது. இயற்கை வைத்தியம்தான் வேணும்னா அதுக்கும் அஞ்சரை வருஷம் படிச்ச டாக்டருங்க இருக்காங்க. இங்க குலசேகரத்திலேயே காலேஜ் இருக்கு. அவங்களும் முதல்லே மாத்திரை அட்டையைத்தான் கேப்பாங்க."

"கழிவை வெளியேத்தறதுக்கு ஜூஸ்னு சொன்னாங்களே?" என்றேன், விடாமல்.

"உங்க கிட்னி ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது. அதைவிடப் பெரிய வடிகட்டி கடையிலே விக்கானா?"

மறுநாள் காலை வீடு திரும்பினோம். அத்தை வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று பயந்தோம். ஒன்றும் சொல்லவில்லை. கேஷியரின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பயறு போட்ட கஞ்சி, தேங்காய்த் துவையல், சுட்ட அப்பளம். இலையோரத்தில் இரண்டு மட்டிப் பழம், எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

"டாக்டர் ஒரு பழம் சாப்பிடலாம்னு சொன்னாரு அத்தே. முழுசா, கடிச்சு."

"அதைத்தானே நான் ஆதி முதலே சொல்லுதேன்?"

உண்மையில் சந்தைக் கடைக்காரர்தான் முதலில் சொன்னவர். 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1,87,000 பேருக்கு மேல் வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைவு, பழச்சாறாகக் குடித்தவர்களுக்கு அதிகம். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு நாலு பழம் பிழிகிறோம். நாலு பழத்தை உட்கார்ந்து உரித்துத் தின்ன யாருக்குப் பொறுமை? இரண்டாவதிலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும். அப்படிச் சொல்ல வைப்பது நார்ச்சத்து. அந்த நார்ச்சத்து முழுவதும் எங்கள் விஷயத்தில் கொல்லைப்புறம் போனது.

"மாடு இன்னைக்குப் பால் கூடுதலா தந்துச்சு" என்றார் மாமா. "மூணு நாள் இயற்கை வைத்தியம் எடுத்தது அதுதான். பில்லை மெட்ராஸுக்கு அனுப்பட்டுமா?"

சாயங்காலம் ரயில். அத்தை ஒரு பை நிறைய மட்டிப் பழமும், ஈத்தாமொழித் தேங்காய் இரண்டும் கட்டிக் கொடுத்தாள். கேஷியரின் சட்டைப் பையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கருப்பட்டித் துண்டு ஒன்று. மலைப் பெரியவர் என்னிடம் கொடுத்தது. அதை அவர் யாரையும் தொட விடவில்லை. பர்ஸைத் தொட்டுப் பார்ப்பது போல ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆரல்வாய்மொழியில் காற்று வந்து கன்னத்தில் அறைந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெட்ராஸ் போனதும் தன் டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். எட்டுக் கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு நேரே 'மூன்று மாதம்?' என்று போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

திருநெல்வேலி ஜங்ஷனில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் அல்வாவின் நெய் வாசனை. கேஷியர் என்னைப் பார்த்தார். நான் எதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆபீஸுக்குத்தான் தம்பி" என்றார். "அரைக் கிலோ. நீயே வாங்கு, நீயே பூட்டி வை. சாவியை என்கிட்டே காட்டாதே."